எட்ட நின்று சூடு பார்த்த கதை

ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாத உலோகக் குப்பி. தலையில் சின்னதாக ஒரு ஜன்னல், அடியில் நான்கு கம்பிக் கால்கள். பெல்ஜியத்தின் மெலெக்சிஸ் நிறுவனம் வடிவமைத்த இந்தச் சென்சாரின் பெயர் எம்எல்எக்ஸ் 90614. சென்னை ரிச்சி தெருவில் சர்க்யூட் பலகையோடு சேர்த்தே விற்கிறார்கள். ஆர்டுயினோவில் நான்கு ஒயர்களைச் செருகினால் போதும், எதிரே உள்ள பொருளைத் தொடாமலே அதன் வெப்பநிலையைத் திரையில் காட்டும்.

இயற்பியல் ஆய்வகத்துக்கு இப்படி ஒன்று வாங்க நினைப்பவர் முதலில் புரட்டுவது அதன் டேட்டாஷீட்டைத்தான். பார்வைக் கோணம் 90 டிகிரி. உணரும் அலைநீளம் 5.5 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை. உமிழ்திறன் 1. அறை வெப்பநிலையை ஒட்டிய அளவுகளில் பிழை அரை டிகிரிக்குள், அதுவும் குப்பி முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால் மட்டும். பார்க்க வறண்ட வரிகள். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மனிதரும் ஓர் ஊரும் ஒரு சண்டையும் உண்டு.

உண்மையில் இந்தக் குப்பி எதிரே உள்ள பொருளின் வெப்பநிலையை அளப்பதே இல்லை. அதிலிருந்து வரும் கதிர்வீச்சுக்கும் தான் வெளிவிடும் கதிர்வீச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்கிறது, மிச்சமெல்லாம் கணக்கு. அந்தக் கணக்கில் என்னென்ன அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை இயற்பியல் ஒவ்வொன்றாகக் கண்டுகொள்ள ஒரு நூற்றாண்டு ஆனது. வாங்குகிறவர் அதே பாதையில் ஒருமுறை நடந்து வந்தால், எதை வாங்குவது என்ற கேள்வி பாதியில் தானே தெளிந்துவிடும்.

ஸ்லவ், 1800

வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். 1781-ல் யுரேனஸைக் கண்டுபிடித்த பிறகு வானியலே அவர் தொழிலானது. சூரியனைத் தொலைநோக்கியில் பார்ப்பதற்காகப் பல நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்தபோது ஒன்று அவருக்கு உறுத்தியது. சில கண்ணாடிகளில் வெளிச்சம் குறைவு, சூடு மட்டும் கண்ணில் உறைத்தது. வேறு சிலவற்றில் வெளிச்சம் தாராளம், சூட்டைக் காணோம். நிறத்துக்கு நிறம் வெப்பம் மாறுமோ?

லண்டனுக்கு மேற்கே, ஸ்லவ்வில் இருந்த தன் வீட்டில் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, மேசைமேல் விழுந்த நிறமாலையில் வெப்பமானியை வைத்தார். குமிழுக்குக் கறுப்பு பூசியிருந்தார். சில நிமிடங்களில் ஊதாவில் 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியது, பச்சையில் மூன்றேகால், சிவப்பில் ஏறக்குறைய ஏழு. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்தபோது அதைவிடவும் அதிகம். அகச்சிவப்பு அப்படித்தான் அகப்பட்டது.

பாடப்புத்தகங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஹெர்ஷல் செய்த இன்னொரு காரியம்தான் நம் குப்பிக்குள் இன்றும் இருக்கிறது. ஒளிக்குள் ஒரு வெப்பமானி வைத்தவர், ஒளி படாத பக்கத்தில் வேறு இரண்டையும் வைத்திருந்தார். ஏறியது ஒளியாலா, அறை சூடானதாலா என்று பிரித்தறிய வேண்டுமே! எம்எல்எக்ஸின் சிலிக்கன் சில்லில், கதிர்வீச்சை உணரும் பகுதிக்குப் பக்கத்திலேயே குப்பியின் சொந்த வெப்பநிலையை அளக்கும் இன்னொரு உணரியும் உட்கார்ந்திருக்கிறது. ஹெர்ஷலின் பக்கத்து வெப்பமானிகள்தான் அது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1804-ல், ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லெஸ்லி வெப்பம் பற்றித் தன் நூலை வெளியிட்டார். கனசதுரத் தகரப் பெட்டி ஒன்றில் வெந்நீர் நிரப்பி, ஒரு முகத்தைப் பளபளவென்று விட்டு, ஒன்றில் விளக்குக் கரி பூசி, ஒன்றில் காகிதம் ஒட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருப்பது ஒரே தண்ணீர். ஆனால் கரி பூசிய முகம் கொட்டிய வெப்பக் கதிரில் சிறு பங்கைத்தான் பளபளப்பான முகம் வெளிவிட்டது. டேட்டாஷீட்டில் உமிழ்திறன் என்ற வரி பிறந்தது அந்தப் பெட்டியில்தான்.

பார்மாவிலிருந்து பாரிசுக்கு

பாதரசம் மெதுவாக ஏறும். கண்ணுக்குத் தெரியாத கதிரைத் துரத்த அது போதாது. 1821-ல் பெர்லினில் தாமஸ் சீபெக் இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு சந்தியை மட்டும் சூடாக்கினார். பக்கத்திலிருந்த திசைகாட்டியின் முள் திரும்பியது. சூடு நேராகக் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே அவர் நம்பினார். வளையத்தில் மின்சாரம் ஓடுவதுதான் காரணம் என்று பின்னர் மற்றவர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

ஒரு சந்தி தரும் மின்னழுத்தம் மிகமிகச் சிறிது. இத்தாலியின் லியோபோல்டோ நோபிலி, பிஸ்மத்தும் ஆன்டிமணியுமான பல இணைகளைத் தொடராகக் கோத்தார். சூடாகும் சந்திகள் எல்லாம் ஒரு பக்கம், குளிர்ந்த சந்திகள் எல்லாம் மறு பக்கம். அதுதான் தெர்மோபைல். பார்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் மாசெதோனியோ மெல்லோனி அவரோடு சேர்ந்து அதைக் கதிர்வீச்சு அளக்கும் கருவியாக மெருகேற்றினார். கால்வனாமீட்டரோடு இணைத்தபோது 30 அடி தள்ளி நிற்கும் ஆளின் உடல் சூட்டையே அது உணர்ந்தது.

இத்தாலியில் அப்போது புரட்சிக் காலம். கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் நின்ற மெல்லோனி நாட்டைவிட்டுப் பாரிசுக்கு ஓட வேண்டியிருந்தது. அடைக்கலம் புகுந்த நாட்டில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. வெளிச்சத்துக்கு வழிவிடும் பொருளெல்லாம் வெப்பக் கதிருக்கும் வழிவிடுமா? தெளிந்த கண்ணாடி அதை மறித்தது. கடைகளில் இந்துப்பு என்று விற்கும் பாறை உப்பின் தெளிந்த படிகமோ எந்தச் சூட்டுப் பொருளின் கதிரையும் தடையில்லாமல் விட்டது. உப்பில் லென்சும் முப்பட்டகமும் செதுக்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போலவே வெப்பக் கதிரும் வளைகிறது, எதிரொளிக்கிறது, முனைவாக்கம் அடைகிறது என்று காட்டினார். 1834-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது.

அலைநீளம் 5.5 முதல் 14 வரை என்ற வரிக்குள் இருப்பது மெல்லோனியின் பாடம். இந்தச் சென்சாருக்குக் கண்ணாடி ஒரு சுவர். கதிர்வீச்சையும் வெப்பநிலையையும் இணைக்கும் ஸ்டீபன் விதியைச் சோதிக்க மின்விளக்கின் இழையை நோக்கி இதைத் திருப்பும் மாணவருக்கு இழையின் வெப்பநிலை கிடைக்காது, கண்ணாடிக் குமிழின் வெப்பநிலைதான் கிடைக்கும். வெற்றிடக் கலத்துக்குள் பார்க்க வேண்டுமானால் ஜெர்மேனியத்திலோ துத்தநாக செலினைடிலோ ஜன்னல் வைக்க வேண்டும். பல சமயம் சென்சாரைவிட ஜன்னலுக்குத்தான் அதிகம் செலவாகும்.

தாய்நாடு திரும்பிய மெல்லோனி 1846-ல் வெசூவியஸ் எரிமலைப் பக்கம் ஒரு மீட்டர் அகல லென்சை நிலவை நோக்கி வைத்து, தெர்மோபைலில் சலனத்தைக் கண்டார். நிலவொளியிலும் சூடு உண்டு என்று காட்டிய முதல் அளவு அது. 1868 முதல் அயர்லாந்தின் பிர் கோட்டையில் நான்காம் ரோஸ் பிரபு அதே வேலையைப் பெரிய தொலைநோக்கியில் தொடர்ந்தார். 2009-ல் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் நிலவுக்குக் கொண்டுபோன டிவைனர் கருவிக்குள்ளும் தெர்மோபைல் வரிசைகளே. வெயிலே படாத ஹெர்மைட் பள்ளத்தில் அது அளந்த வெப்பநிலை 26 கெல்வின், அதாவது மைனஸ் 247 டிகிரி செல்சியஸ். செவ்வாயில் 2012-ல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியும் தரையின் சூட்டைத் தெர்மோபைல் கொண்டுதான் பார்க்கிறது.

லண்டன் அளவும் வியன்னா கணக்கும்

1859-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டின்டால் ஒரு நீண்ட குழாயின் இரு முனையிலும் பாறை உப்புத் தட்டுகளைப் பொருத்தி, உள்ளே விதவிதமான வாயுக்களை நிரப்பினார். வெப்பம் தர லெஸ்லியின் கனசதுரம், அளக்க மெல்லோனியின் தெர்மோபைல். நைட்ரஜனும் ஆக்சிஜனும் கதிரைக் கண்டுகொள்ளவில்லை. நீராவியும் கரியமில வாயுவும் பிடித்து வைத்துக்கொண்டன. புவி சூடாவது பற்றிய நம் அறிவுக்கு அடிக்கல் இந்த அளவுகள். 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான பகுதியில் காற்று பெரும்பாலும் தெளிவாக இருப்பதால்தான் இன்றைய சென்சார்கள் அந்த அலைநீளங்களைத் தேர்ந்துகொள்கின்றன.

டின்டாலின் இன்னொரு அளவு வியன்னாவில் வேறு பலன் தந்தது. மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பி மங்கிய சிவப்பிலிருந்து முழு வெண்மைக்குப் போகும்போது அதன் கதிர்வீச்சு 11.7 மடங்கானது என்பது அவர் பதிவு. அந்த இரு நிலைகளும் சுமார் 525, 1200 டிகிரி செல்சியஸ் என்று ஒரு பாடநூலில் குறித்திருந்தார்கள். ஜோசப் ஸ்டீபன் 1879-ல் அவற்றைக் கெல்வினில் 798, 1473 என்று எழுதி, விகிதத்தை நான்கு முறை பெருக்கினார். வந்தது 11.6. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படியில் ஏறுகிறது என்ற விதி இப்படிப் பிறந்தது. 1884-ல் அவர் மாணவர் போல்ட்ஸ்மேன் அதைக் கோட்பாட்டிலிருந்து நிறுவினார். டின்டாலின் பிளாட்டினம், படும் கதிரை முழுக்க உறிஞ்சும் கரும்பொருளே அல்ல என்பதும் அந்த வெப்பநிலைகள் குத்துமதிப்பானவை என்பதும் பிறகு தெரிந்த செய்தி. ஆனாலும் விதி நின்றது.

இதே காலத்தில் அமெரிக்காவின் அலெகெனி வானாய்வகத்தில் சாமுவேல் லாங்லி தெர்மோபைலுக்கு ஒரு பங்காளியை உருவாக்கினார். கறுப்பு பூசிய மெல்லிய பிளாட்டினப் பட்டை, அதன் மின்தடை மாற்றத்தைக் காட்டும் வீட்ஸ்டன் சமனச் சுற்று. போலோமீட்டர் என்ற அந்தக் கருவி ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்கையும் உணர்ந்தது. இன்றைய வெப்பப் படக் கேமராக்களுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருப்பது அதன் நுண்வடிவத்தைத்தான்.

பெர்லினின் கறுப்புத் துளை

லெஸ்லி எழுப்பிய சிக்கல் இன்னும் தீரவில்லை. பொருளுக்குப் பொருள் உமிழ்திறன் மாறினால் அடிப்படை அளவு எது? 1887-ல் பெர்லினில் தொடங்கிய அரசு அளவியல் நிறுவனத்துக்கு இது நடைமுறைக் கவலை. தெருவிளக்குக்கு வாயு லாபமா மின்சாரம் லாபமா என்று முடிவு செய்ய ஒளிக்கு ஒரு நிலையான அளவுகோல் வேண்டியிருந்தது. அங்கிருந்த லும்மரும் வீனும் ஒரு வழி சொன்னார்கள். எந்தப் பரப்பையும் நம்ப வேண்டாம். ஒரே வெப்பநிலையில் உள்ள மூடிய குழிக்குச் சிறு துளை போட்டு, அதன் வழியே வருவதை மட்டும் அளக்கலாம். உள்ளே போன கதிர் பலமுறை மோதி உறிஞ்சப்பட்டுவிடுவதால், குழியின் சுவர் எதுவானாலும் துளை கரும்பொருளாகவே நடந்துகொள்ளும்.

அந்தத் துளையின் நிறமாலையை லும்மர், பிரிங்ஸ்ஹைம், ரூபென்ஸ், குர்ல்பாம் ஆகியோர் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். வீன் சொல்லியிருந்த சூத்திரம் நீண்ட அலைநீளங்களில் பொய்த்தது. 1900 அக்டோபரில் ரூபென்ஸ் தன் புது அளவுகளை மாக்ஸ் பிளாங்க் வீட்டில் சொல்லிவிட்டுப் போக, அன்றிரவே பிளாங்க் பொருந்தும் சூத்திரத்தை எழுதிவிட்டார். அதற்குக் காரணம் தேடிய முயற்சி டிசம்பர் 14-ல் குவாண்டம் கொள்கையாக அரங்கேறியது. தொடாமல் சூடு அளக்கும் கருவியைச் சரிபார்க்கப் போனவர்கள் இயற்பியலையே மாற்றிவிட்டு வந்தார்கள்.

உலைக்கூடங்களுக்கும் பலன் கிடைத்தது. ஹோல்போர்னும் குர்ல்பாமும் 1901-ல் செய்த பைரோமீட்டரில் உலையின் பின்னணியில் ஒரு விளக்கு இழை தெரியும். மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து, இழை பின்னணியில் மறையும்வரை சரிசெய்து, அளவைப் படித்துவிடலாம். அது பார்ப்பது சிவப்பு ஒளியை. உயர் வெப்பநிலைக்குக் குறுகிய அலைநீளம் என்ற விதி இன்றும் செல்லும். 1300 கெல்வினில் உள்ள பொருளின் உமிழ்திறனைப் பத்து சதவீதம் தவறாக மதிப்பிட்டால், 1 மைக்ரோமீட்டரில் பார்க்கும் கருவி சுமார் 12 டிகிரி பிசகும். 10 மைக்ரோமீட்டரில் பார்ப்பது 80 டிகிரிக்கு அருகே பிசகிவிடும்.

சிலிக்கனில் சுருங்கியது

1982-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாஹிஜியும் வைசும் தெர்மோபைலை ஒரு சிலிக்கன் சில்லில் இறக்கினார்கள். இரண்டு மில்லிமீட்டர் சதுரம், ஒரு மைக்ரோமீட்டர் கனம் உள்ள சவ்வு. அதன்மேல் 60 இணைகள். சூடாகும் சந்திகள் சவ்வின்மேல், குளிர்ந்த சந்திகள் தடித்த சிலிக்கன் விளிம்பில். உலோகங்கள் நோபிலி தேர்ந்த அதே பிஸ்மத்தும் ஆன்டிமணியும்தான். சவ்வு மெலிந்ததால் கொஞ்சம் கதிர்பட்டாலே சூடானது. எடை இல்லாததால் சட்டென்று ஆறியது. பிறகு சிலிக்கன் சார்ந்த பொருள்களே உலோகங்களின் இடத்தைப் பிடிக்க, சாதாரணச் சில்லுத் தொழிற்சாலையிலேயே லட்சக்கணக்கில் செய்ய முடிந்தது. காது வெப்பமானி, மைக்ரோவேவ் அடுப்பு, காரின் ஏசி என்று அது வீட்டுக்குள் நுழைந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது கடை வாசலிலும் பள்ளி வாசலிலும் அது துப்பாக்கி வடிவில் நெற்றியை நோக்கி நீண்டது. வெயிலில் நடந்து வந்தவருக்குக் காய்ச்சல் காட்டியது, ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் உளறியது. நெற்றியை விட்டு மணிக்கட்டில் காட்டியவர்களும் உண்டு. அந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தோலின் வெப்பநிலையை அப்படியே காட்டுவதில்லை. உள்ளுடல் வெப்பநிலைக்குச் சமமாக்கி, கூட்டித்தான் காட்டுகின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை இயற்பியல் ஆய்வகத்துக்கு எடுத்துவந்தால், தான் அளக்காத எண்ணைக் காட்டும் கருவி ஒன்று மேசைக்கு வந்துவிடும். பரப்பு வெப்பநிலை என்ற தனி நிலை இருந்தால் மட்டும், அந்த நிலையில் வைத்துப் பயன்படுத்தலாம்.

ஆய்வக மேசையில்

இப்போது டேட்டாஷீட்டைத் திரும்பப் படிக்கலாம்.

முதலில் பார்வைக் கோணம். 90 டிகிரி என்றால், 10 சென்டிமீட்டர் தூரத்தில் 20 சென்டிமீட்டர் அகல வட்டத்தையே அது பார்க்கிறது. நாணயம் அளவுள்ள மாதிரியை அங்கே வைத்தால் மேசையின் வெப்பநிலைதான் பெரும்பங்கு வரும். அதே சென்சாரில் 10 டிகிரி, 5 டிகிரி கோணமுள்ள வகைகளும் விற்கின்றன. 10 டிகிரி வகை அதே தூரத்தில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டரைத்தான் பார்க்கும். கைத்துப்பாக்கிகளில் இதை 12:1 என்று குறிப்பார்கள், 12 சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் வட்டம் என்று அர்த்தம். சிவப்பு லேசர் புள்ளி குறி காட்ட மட்டுமே, அளக்கும் பரப்பு அதைவிடப் பெரிது. மாதிரி அந்த வட்டத்தைத் தாராளமாக நிரப்ப வேண்டும்.

அடுத்தது உமிழ்திறன். 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் உள்ள பளபளப்பான அலுமினியப் பாத்திரத்தின் உமிழ்திறன் சுமார் 0.05. அறை 30 டிகிரி என்றால், உமிழ்திறன் 1 என்று நம்பும் சென்சார் அதை ஏறக்குறைய 35 டிகிரி என்றுதான் சொல்லும். மிச்சக் கதிரெல்லாம் பாத்திரத்தில் பட்டுத் திரும்பும் அறையின் கதிர். சென்சாரில் எண்ணை மாற்றி எழுதினால் தீராது. 0.05-ஆ 0.06-ஆ என்ற ஐயமே இருபது சதவீதப் பிழை. பரப்பை மாற்றுவதுதான் வழி. 80 டிகிரிக்குக் கீழ் கறுப்பு இன்சுலேஷன் டேப் போதும். அதற்கு மேல் சூடு தாங்கும் மங்கல் கறுப்பு பெயின்டோ மண்ணெண்ணெய் விளக்கின் கரியோ பூசலாம். மூன்றுமே 0.95 அளவுக்கு வரும். பூச முடியாத உலோகப் பரப்பா, தெர்மோகப்புளை ஒட்டிவிடுவதே உத்தமம். வெப்பக் கடத்துதிறன் அளக்கும் லீ வட்டத்தட்டுச் சோதனைக்குத் தொடும் வெப்பமானிதான் சரி.

தொடாத சென்சார் தேவைப்படும் இடங்கள் வேறு. சுழலும் பொருள், உயர் மின்னழுத்தத்தில் உள்ள பகுதி, தொட்டாலே சூட்டை இழந்துவிடும் மெல்லிய தகடு. அறை வெப்பநிலையிலிருந்து சில நூறு டிகிரி வரை தெர்மோபைல் போதும். 700, 800 டிகிரிக்கு மேல் 1 மைக்ரோமீட்டர் பக்கம் பார்க்கும் பைரோமீட்டர் வேண்டும். தெர்மோபைல் மில்லிநொடிக் கணக்கில்தான் பதில் சொல்லும். அதைவிட விரைவான நிகழ்வுக்கு ஃபோட்டான்களை நேரடியாக உணரும் உணரிகள் உண்டு, ஆனால் நீண்ட அலைநீளங்களில் அவற்றைக் குளிரூட்டியே வைக்க வேண்டும். ஆள் நடமாட்டம் கண்டு விளக்கெரிக்கும் பைரோ உணரிகள் மாற்றத்தை மட்டுமே பார்ப்பவை, அசையாமல் ஆறும் தகட்டுக்கு உதவாது.

கடைசியாக, குப்பியின் சொந்தச் சூடு. அருகில் சூடான ரெகுலேட்டரோ விரலோ பட்டால் ஒரு பக்கம் மட்டும் சூடேறி, எண் ஓடிப்போகும். சின்ன அலுமினியக் கட்டையில் துளையிட்டுக் குப்பியை அதற்குள் செருகி, சில நிமிடம் விட்டுவிட்டு அளப்பது நல்லது.

வாங்கியதைச் சோதிக்க லெஸ்லியின் பெட்டியே இன்றும் போதும். சதுரத் தகர டின் ஒன்றில் ஒரு முகத்துக்குக் கரி பூசி, வெந்நீர் ஊற்றி, உள்ளே நல்ல வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, ஆற ஆற இரு அளவுகளையும் குறித்துக்கொள்ளலாம். கீழ்முனைக்குத் தண்ணீரோடு கலக்கிய பொடிப் பனிக்கட்டி. மேல்முனைக்குக் கொதிநீரை 100 என்று கண்ணை மூடி எடுக்கக் கூடாது, உதகையில் அது 93 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடும். உமிழ்திறனை 0.95 என்று திருத்திய பிறகு கரி முகத்தில் இரண்டு அளவும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போனால் சென்சாரை ஏற்கலாம். பிறகு பெட்டியைப் பளபளப்பான முகத்துக்குத் திருப்பி, எண் எவ்வளவு விழுகிறது என்று மாணவர்களைக் கணக்கிடச் சொன்னால் அந்த வார ஆய்வக வகுப்புக்கு வேறு பாடம் தேடத் தேவையில்லை. குறிப்பேட்டில் வெப்பநிலைக்கு ஒரு பத்தி இருந்தால், பரப்பு எது, உமிழ்திறன் எவ்வளவு, தூரம் எவ்வளவு, குப்பியின் சூடு என்ன என்பதற்கும் பத்திகள் இருக்க வேண்டும். இந்த நான்கையும் எழுதாமல் விட்ட அளவை, எந்த விலைச் சென்சார் தந்திருந்தாலும், வெப்பநிலை என்று எழுத முடியாது.